புளி போட்டுத் தேய்த்த சுத்தியல்

டூல் ரூம் சாவியை முதன்முதலாகக் கையில் வாங்கியிருக்கிறீர்கள். அந்தச் சாவி இருபத்தாறு வருஷம் என் இடுப்பில் தொங்கியது. ஓய்வு பெற்றவன் என்பதால் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நல்ல வார்த்தை என்னிடம் கம்மி. செய்த தப்புகள்தான் ஜாஸ்தி. அவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன். மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று முளைத்தவை.

எழுபதுகளின் நடுவில் திருவண்ணாமலையில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். நான் படித்தது பி.ஏ. வரலாறு. கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் எல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். முதலாளிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. கடிதம் வாரத்துக்கு ஒன்றுதான் வரும் என்பதால், மிச்ச நேரத்துக்கு டூல் ரூமையும் கருவிகள் வாங்குகிற வேலையையும் என் தலையில் கட்டினார். இரும்புக் காலம் எப்போது தொடங்கியது என்று தெரியுமே தவிர, எந்த இரும்பு எதற்கு உதவும் என்று எனக்குத் தெரியாது.

ஒர்க்‌ஷாப்பின் தலைமை மெக்கானிக்கை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியான மனுஷன். காக்கிச் சட்டைப் பையில் பீடிக்கட்டுக்குப் பதில் எப்போதும் கடலை மிட்டாய் இருக்கும். என்னைப் பெயர் சொல்லி அவர் அழைத்ததே இல்லை. முதல் நாளிலிருந்து நான் அவருக்கு "பி.ஏ."தான்.

சேர்ந்த மாதமே என்னை இரும்பு வெட்டும் உளி வாங்கி வரச் சொன்னார்கள். கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று கறுப்பாக, சொரசொரப்பாக, அடுப்பிலிருந்து எடுத்த கரிக்கட்டை மாதிரி இருந்தது. இன்னொன்று கல்யாண வீட்டு வெள்ளிக் கிண்ணம் மாதிரி மின்னியது. நான் எதை வாங்கியிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு டஜன் வாங்கி, துணியில் சுற்றி, மேஸ்திரியின் முன்னால் பரப்பினேன்.

"நல்லா இருக்கே பி.ஏ. முகம் பாத்து தலை வாரிக்கலாம் போலிருக்கே" என்றார்.

ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு பஸ்ஸின் அடியில் போனார். பஸ்ஸின் பாரத்தைத் தாங்கும் பட்டைச் சுருளில் துருப்பிடித்து நின்ற போல்ட் ஒன்றை வெட்ட வேண்டியிருந்தது. உளியை வைத்து ஓங்கி ஓர் அடி. வெளியே வந்து உளியை என் கையில் கொடுத்தார். அதன் வாய் இலைச் சுருள் மாதிரி மடங்கியிருந்தது. இரும்பை வெட்டப்போன உளி, இரும்பைப் பார்த்ததும் வணக்கம் சொல்லித் தலை குனிந்துவிட்டது.

"இது ஜன்னல் கம்பி செய்யற பச்சை இரும்புப்பா. மேல பூச்சு பூசி வெச்சிருக்கான். அந்தக் கறுப்பு உளி இருந்துச்சே, அதான் எஃகு. அது அழகுக்கு நிக்காது, வேலைக்கு நிக்கும்" என்றார் மேஸ்திரி.

அத்துடன் விட்டிருந்தால் பரவாயில்லை. படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு பாடம் கற்றால் அதை எல்லாவற்றுக்கும் பூசிவிடுவான். இரும்பு கெட்டியாக இருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன் அல்லவா? கறுப்பு உளிகளை வாங்கி வந்ததும், அவற்றை இன்னும் கெட்டியாக்கி மேஸ்திரியிடம் பாராட்டு வாங்கலாம் என்று தோன்றியது. நேராகக் கொல்லுப்பட்டறைக்குப் போனேன். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் எஃகு கெட்டியாகும் என்பது மட்டும் எனக்கு யாரோ சொல்லித் தெரிந்திருந்தது.

கொல்லர் கேட்டார்: "வாய் மட்டும்தானே சார்?"

"தலையும் சேத்து. முழுசா."

"தலையை விட்டுடுங்க சார். அடி வாங்குற எடம்."

"அடி வாங்குற எடம்தானே கெட்டியா இருக்கணும்?" என்றேன். அந்தத் தர்க்கம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

கொல்லர் என்னை ஒரு பார்வை பார்த்தார். வேலை கொடுத்தவன் நான். முழுசாகத் தோய்த்துக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், மேஸ்திரி அந்த உளியை வைத்து அடித்தார். "டிங்" என்று ஒரு சத்தம். உளியின் தலையிலிருந்து நகக்கண் அளவு ஒரு சில்லு தெறித்தது. எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. தேடிக்கொண்டே இருந்தோம். சற்று நேரத்தில் பெஞ்சின் மேல் இருந்த மேஸ்திரியின் அலுமினியத் தூக்கிலிருந்து சாம்பார் சொட்டத் தொடங்கியது. சில்லு தூக்கைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது.

நான் பயத்தில் உளறினேன்: "மேஸ்திரி, உங்க சாம்பார்..."

"சாம்பார் போனா நாளைக்கு வெப்பாங்க. கண்ணு போனா?" என்றார்.

அவர் குனிந்திருந்த இடத்துக்கும் அந்தத் தூக்குக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. அவர் தூக்கைத் திறந்து, பருப்புக்குள் விரலை விட்டுச் சில்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"வெட்டுற வாய் கெட்டியா இருக்கணும். அடி வாங்குற தலை கொஞ்சம் மெத்துனு இருக்கணும், உன் தலை மாதிரி. ஒரே உளிதான், ரெண்டு பதம். கொல்லர் சொல்லலியா?"

"சொன்னாரு."

"அப்புறம்?"

அன்றைக்கு என் தயிர்சாதத்தை இருவரும் பங்கிட்டுக்கொண்டோம். இரண்டாவது பாடம் எஃகைப் பற்றியது மட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தெரிந்தவர் ஒரு சொல் சொன்னால், அது நமக்குப் பிடித்த தர்க்கத்துக்கு எதிராக இருந்தால், இன்னொரு முறை கேட்க வேண்டும்.

இதற்குப் பிறகு நான் உஷாராகிவிட்டேன். எந்தக் கருவி எதனால் ஆனது என்று கேட்டுக் கேட்டு எழுதி வைத்தேன். சுத்தியல் பிடிக்கு வேலமரம், ஏனென்றால் அடியின் அதிர்வைக் கை வரைக்கும் கொண்டுபோகாமல் விழுங்கிவிடும். மரச் சுத்தியலான கொட்டாப்புளிக்குப் புளியமரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டை, ஏனென்றால் பிளக்காது. எஃகுச் சுத்தியல் பட்டால் வடு விழும் இடங்களுக்குப் பித்தளைச் சுத்தியல். பெட்ரோல் வாடை இருக்கும் இடத்துக்கும் பித்தளைச் சுத்தியல்தான். இரும்பும் இரும்பும் மோதினால் பொறி பறக்கும், பித்தளையில் பறக்காது. ஒரு வருஷத்தில் எல்லாம் எனக்கு அத்துப்படி. மூன்றாவது தப்பு அங்கேதான் காத்திருந்தது.

ஒர்க்‌ஷாப்பில் இருந்த பித்தளைச் சுத்தியல் பழசாகிவிட்டது. பல வருஷம் அடித்து அடித்து அதன் முகம் மழைக்காலத்துக் காளான் மாதிரி விரிந்திருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. ஒருமுறை வேறு வேலையாக மெட்ராஸ் போனபோது ஒரு கடையில் புதுப் பித்தளைச் சுத்தியல் பார்த்தேன். தங்கம் மாதிரி இருந்தது. "கெட்டிப் பித்தளை சார்" என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். வாங்கினேன். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பழைய சுத்தியலைப் பாத்திரக் கடையில் போட்டு, டூல் ரூமுக்குத் தண்ணீர் குடிக்க ஒரு சொம்பு வாங்கிவிட்டேன். சிக்கனமான காரியம் செய்தோம் என்று பெருமையாக இருந்தது.

புதுச் சுத்தியலைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மேஸ்திரி கேட்டார்.

"பேரிங் தட்டணும், அந்தப் பித்தளைச் சுத்தியைக் குடு பி.ஏ."

"கொட்டாப்புளியிலயே முடிச்சுக்கோங்க மேஸ்திரி. அது புதுசு. அவசரத்துக்கு வெச்சிருக்கேன்."

"பீரோவுல வெச்சுப் பூட்டுறதுக்கு அது என்னா நகையா?"

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். புதுக் கருவி தேயாமல் பார்த்துக்கொள்வதுதான் என் கடமை என்று அப்போது நினைத்தேன். உபயோகிக்காத கருவியைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது என்பது உறைக்கவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. கருவிகளை எல்லாம் கழுவி, பொட்டு வைத்து, வாழையிலையில் அடுக்கினோம். என் தங்கச் சுத்தியலை எல்லோர் கண்ணிலும் படும்படி குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நானே வைத்தேன். பொரி, சுண்டல், பூசணிக்காய் எல்லாம் முடிந்தது. மறுநாள் காலை கருவிகளை எடுத்து அடுக்கினேன். பீரோவையும் வழக்கம்போலப் பூட்டினேன். மாதக் கடைசியில் கருவிப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். 'பித்தளைச் சுத்தியல், ஒன்று' என்ற வரிக்கு நேராக ஒரு டிக் போட்டேன். பீரோவைத் திறந்து பார்க்கவில்லை. பூட்டு பூட்டியிருந்தது, சாவி என் இடுப்பில் இருந்தது. வேறென்ன பார்க்க வேண்டும்?

இப்படியாகத் தீபத் திருநாள் வந்தது.

தீபத்தன்று நம்ம ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். எங்கள் பஸ்கள் எல்லாம் சிறப்பு நடை ஓடிக்கொண்டிருந்தன. ஒர்க்‌ஷாப்புக்குப் பக்கத்திலேயே இருந்த பங்க்கில்தான் அவற்றுக்கு டீசல் போடுவோம். பங்க் ஆள் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

"மேஸ்திரி, கொஞ்சம் வாங்க. பெட்ரோல் லாரி வந்திருக்கு. தொட்டி மூடி இறுகிப்போச்சு. தெறக்க மாட்டேங்குது."

மேஸ்திரியும் நானும் போனோம். பங்க்கின் வாசலை அடைத்துக்கொண்டு பெட்ரோல் லாரி நின்றது. பூமிக்குள் இருக்கும் தொட்டியின் இரும்பு மூடி துருப்பிடித்து மரையில் கடித்துக்கொண்டிருந்தது. பெட்ரோலை இறக்காமல் லாரி திரும்ப முடியாது. பின்னால் எடுக்கலாம் என்றால் ரோடு முழுக்க ஜனம். கைக்குழந்தையும் தூக்குச் சட்டியுமாக மலையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். எதிர்ச்சாரியில் கற்பூரக் கடை. லாரிக்குப் பின்னால் எங்கள் பஸ்கள் இரண்டு டீசலுக்குக் காத்துக்கொண்டு ஹாரன் அடிக்கின்றன. நடுவில் ஒரு போலீஸ் அதிகாரி, "பத்து நிமிஷத்துல லாரியை எடுக்கணும்" என்று கத்திக்கொண்டிருந்தார். லாரி டிரைவர் அதற்குள் ஒரு எஃகுச் சுத்தியலைத் தூக்கி ஓங்கிவிட்டார்.

மேஸ்திரி அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. டிரைவரின் கையை அந்தரத்திலேயே பிடித்தார்.

"இன்னாயா பண்றே? மூக்கு அடைச்சிருக்கா உனக்கு? வாடை வரல?"

வாடை வந்துகொண்டுதான் இருந்தது. குழாயை மாட்டிப் பார்த்ததில் கொஞ்சம் பெட்ரோல் தரையில் சிந்தியிருந்தது. டிரைவரின் முகம் வெளுத்தது. சுத்தியலைப் பாம்பைப் போடுவது மாதிரி கீழே போடப்போனார். அதையும் மேஸ்திரி கீழே விழாமல் பிடித்துக்கொண்டார்.

பிறகு மளமளவென்று உத்தரவுகள். போலீஸ் அதிகாரியிடம் கற்பூரக் கடையை மூடச் சொன்னார். பஸ்களின் இன்ஜினை நிறுத்தச் சொன்னார். சாக்குகளைத் தண்ணீரில் நனைத்து மூடியைச் சுற்றிப் போட்டார். தீயணைப்பு வண்டிக்கு ஆள் அனுப்பினார். அது ஜனத்தைத் தாண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கொட்டாப்புளியால் மூடியைத் தட்டிப் பார்த்தார். மரம் மெத்தென்று விழுந்தது, துரு அசையவில்லை.

"பி.ஏ., அந்த அவசரம் வந்துடுச்சு. நகையை எடுத்துட்டு வா" என்றார்.

ஓடினேன். பீரோவைத் திறந்தேன். உள்ளே பழைய செய்தித்தாள் மட்டும் விரித்திருந்தது. சுத்தியல் இல்லை. மேல் தட்டு, கீழ் தட்டு, பீரோவுக்கு அடியில், எங்கேயும் இல்லை. என் கையெழுத்தோடு ஒரு டிக் மட்டும் பட்டியலில் இருந்தது.

ஒர்க்‌ஷாப் வாட்ச்மேன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். "பித்தளைச் சுத்தியா சார்? ஆயுத பூஜை முடிஞ்சதும் விளக்கு, மணி, தாம்பாளம் எல்லாம் முதலாளி வீட்டுக்கு மூட்டை கட்டினாங்களே, அதோட சேத்து அதுவும் போச்சு. பளபளனு இருந்துச்சா, பூஜை சாமான்னு நெனச்சுட்டாங்க."

"நீ பாத்தியா?"

"பாத்தேனே."

"ஏன்யா சொல்லல?"

"நீங்க கேக்கலியே சார்."

முதலாளி வீடு அடுத்த தெரு. முதலாளி கோயிலுக்குப் போயிருந்தார். முதலாளியம்மா கூடத்தில் வரிசையாக அகல் விளக்குகளை வைத்துத் திரி போட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து விரதம். இரண்டாம் வகுப்பு வரை படித்தவர் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நான் மூச்சு வாங்க நின்றேன்.

"அம்மா, ஒர்க்‌ஷாப் சுத்தியல் ஒண்ணு தப்பா இங்க வந்துடுச்சு. மஞ்சள் நெறத்துல..."

"எது, அந்த வேஷக்கார சுத்தியா?"

எனக்குப் புரியவில்லை. அவர் எழுந்து சமையலறைக்குப் போய்ச் சுத்தியலை எடுத்து வந்தார். அதன் மேல் வெல்லத் தூள் ஒட்டியிருந்தது. கார்த்திகைப் பொரிக்கு வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தாராம்.

"மொதல்ல பூஜை ரூம்லதான்பா வெச்சிருந்தேன். குத்துவிளக்கோட சேத்து புளி போட்டுத் தேச்சேன். விளக்கு பளபளனு ஆச்சு. இது மூலையில கருத்துச்சு. சரி, நான்தான் சரியா தேய்க்கலனு அடுத்த வெள்ளிக்கிழமை ஜாஸ்தி புளி போட்டேன். ஜாஸ்தியா கருத்துச்சு. பித்தளை இல்லாத ஒண்ணைச் சாமி கிட்ட வெப்பாங்களானு அடுப்படிக்கு மாத்திட்டேன்."

சுத்தியலை வாங்கிப் பார்த்தேன். முனைகளில் மஞ்சள் உரிந்து உள்ளே கன்னங்கரேலென்று இரும்பு தெரிந்தது. தலைப்பாகையைக் கழற்றிய திருடன் மாதிரி என்னைப் பார்த்தது.

அந்த நிமிஷத்தை உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேஸ்திரி அங்கே காத்திருக்கிறார். போலீஸ் கத்துகிறது. நடுப்பகுதியில் மஞ்சள் இன்னும் மிச்சம் இருக்கிறது. துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? நாலு தட்டுத் தட்டினால் மூடி திறந்துகொள்ளலாம். எல்லா அடிக்குமா பொறி பறக்கிறது? வெறுங்கையோடு போனால் பழைய சுத்தியலைச் சொம்பாக மாற்றியது, பார்க்காமல் டிக் போட்டது எல்லாம் சந்திக்கு வரும். ஒரு கணம், சத்தியமாக ஒரு கணம், என் கை அந்தச் சுத்தியலைத் துணியில் சுற்றத் தொடங்கிவிட்டது.

முதலாளியம்மா கேட்டார்: "எதுக்குப்பா அது? இப்படி வேர்த்துக் கொட்டுது உனக்கு."

சொன்னேன். பெட்ரோல், பொறி, ஜனம் எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல என் காதிலேயே அது விழுந்தது. கையிலிருந்த துணியை அவிழ்த்துச் சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டேன்.

"வேற ஏதாவது கெட்டிப் பித்தளை இருக்காம்மா வீட்டுல? சுத்தி மாதிரி அடிக்கிறதுக்கு."

அவர் பதற்றப்படவே இல்லை. பூஜை அறையை ஒரு நோட்டம் விட்டார்.

"மணி வெண்கலம். அடிச்சா ஒடஞ்சுடும். வெண்கலம் விழுந்தா ஒடையும், பித்தளை விழுந்தா நசுங்கும். எங்க வீட்டுல ஒரு வெண்கலப் பானையை நான் போட்டு ஒடச்சிருக்கேன், எனக்குத் தெரியும். குத்துவிளக்கு உள்ள பொள்ளல்." கொஞ்சம் யோசித்தார். உள்ளே போய், வெற்றிலை இடிக்கிற சின்ன உரலின் உலக்கையைக் கொண்டு வந்தார். கனமான சாமான். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். அடிமுனை உருண்டு தேய்ந்திருந்தது.

"இது பித்தளைதானாம்மா? நிச்சயமா?" அந்த நேரத்தில் நான் யாரையும் நம்பும் நிலையில் இல்லை.

"தேஞ்ச எடத்தைப் பாருப்பா. மாமியார் காலத்துலேருந்து இடிச்சது. அங்கயும் மஞ்சளாத்தானே இருக்கு?"

பி.ஏ. படித்தவனுக்கு மூன்று வருஷத்தில் யாரும் சொல்லித் தராதது அது. எந்தப் பொருளையும் அது தேய்ந்த இடத்தில் பார். பூச்சு எல்லாம் தேயாத இடத்தில்தான் நிற்கும்.

நான் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: "விளக்கேத்தறதுக்குள்ள திருப்பிக் கொண்டாந்துடு! சம்பந்தி வீட்டுக்காரங்க வந்திருக்காங்க. தீபம் பாத்துட்டுச் சாப்பிட்டு வெத்தலை போடுவாங்க!"

உலக்கையோடு பங்க்குக்குள் நுழைந்தபோது போலீஸ் அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னய்யா இது? பாக்கு இடிக்கப் போறீங்களா?"

வேடிக்கை பார்த்த கூட்டம் சிரித்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை.

"சுத்தி எங்க?"

"அது பித்தளையே இல்ல மேஸ்திரி. எல்லாம் அப்புறம் சொல்றேன், அப்ப திட்டுங்க. இது பித்தளை. தேஞ்ச எடத்துலயும் மஞ்சள்."

அவர் உலக்கையைத் திருப்பி அடிமுனையைப் பார்த்தார். பேனாக்கத்தியின் முனையால் லேசாகக் கீறினார். கீறலும் மஞ்சளாக இருந்தது. ஒரு கேள்வியும் கேட்காமல் உட்கார்ந்தார். நனைந்த சாக்கை விலக்கி, மூடியின் விளிம்பைச் சுற்றித் தட்ட ஆரம்பித்தார். ஓங்கி அடிக்கவில்லை. கதவைத் தட்டுகிற மாதிரி ஒரே அளவாக, வட்டமாக, டொக், டொக், டொக். துரு தூளாக உதிர்ந்தது. பெட்ரோல் வாடையோடு கொட்டைப்பாக்கு வாசனையும் சேர்ந்து வந்தது. மூன்று சுற்று முடிந்ததும் ஈரச் சாக்கைச் சுற்றிய ரெஞ்சை மாட்டி இருவரும் மெதுவாக அழுத்தினோம். மூடி முனகியது. பிறகு ஒரு விரற்கடை திரும்பியது. பிறகு சுற்றிக்கொண்டே வந்தது.

மேஸ்திரி இரண்டு கையையும் தூக்கி லாரிக்காரருக்குச் சைகை காட்டினார். ரோட்டில் போய்க்கொண்டிருந்த ஜனத்துக்கு என்ன நடக்கிறதென்று தெரியாது. ஒருவர் கையைத் தூக்குவதைப் பார்த்ததும் நூறு பேர் கையைத் தூக்கி "அரோகரா!" என்றார்கள். போலீஸ் அதிகாரியும் தன்னை மறந்து ஒருமுறை கையைத் தூக்கிவிட்டார்.

லாரி காலியாகிப் போன பிறகு, டூல் ரூமில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மேஸ்திரியிடம் சொன்னேன். மெட்ராஸ் கடை, பூட்டின பீரோ, டிக், வெல்லம், அந்த ஒரு கணம், ஒன்றையும் விடவில்லை. அவர் கடலை மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"பழைய பித்தளைச் சுத்தி?"

நான் தண்ணீர்ச் சொம்பைக் காட்டினேன்.

சொம்பை எடுத்து விரலால் ஒரு சுண்டு சுண்டினார். "சுத்திக்கு வேஷம் போட்டவன் மெட்ராஸ்ல இருக்கான். அதைத் தட்டிப் பாக்காம பூட்டுப் போட்டவன் இங்க இருக்கான். யாரைத் திட்டுறதுனு தெரியலியே" என்றார். பிறகு, "ஆனா அதைத் துணியில சுத்திக் கொண்டாராம விட்டியே, அந்த ஒண்ணுக்காக இன்னிக்குத் திட்டல. நாளைக்குத் திட்டுறேன்" என்றார். சொன்னபடி மறுநாள் எட்டு மணிக்கு வந்து திட்டினார். அவர் வாக்குத் தவறாதவர்.

உலக்கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விளக்கேற்றுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் பித்தளையிலிருந்து பெட்ரோல் வாடை அவ்வளவு சீக்கிரம் போகாது என்பது எனக்குத் தெரியாது. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு சம்பந்தி ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொண்டு, "இந்த வருஷம் வெத்தலை கொஞ்சம் காரமா இருக்கு" என்றாராம். பஸ் கம்பெனிக்காரர் வீட்டில் பெண் கொடுத்தவர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. அவர் என்னைக் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். "இனிமே மெட்ராஸ்லேருந்து எது வந்தாலும் மொதல்ல அம்மா பாக்கட்டும்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, அது சட்டமாகிவிட்டது. புதுக் கருவி வந்தால் வகைக்கு ஒன்று முதலாளி வீட்டுக்குப் போகும். முதலாளியம்மா புளி, சாம்பல், செங்கல் தூள் என்று அவர் முறைப்படி தேய்ப்பார். தேங்காய் நாரால் தேய்த்து உரியும் பூச்சு எதுவும் எங்கள் டூல் ரூமுக்குள் வந்ததில்லை. நான் ஒரு காந்தத்தை வாங்கி அவருக்குக் கொடுத்தேன். அதைக் கொஞ்சநாள் வைத்துப் பார்த்துவிட்டு, "இது இரும்பா இல்லையானு மட்டும்தான்பா சொல்லுது. நல்ல இரும்பானு சொல்லலியே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வேனில் வந்தார். வழவழப்பான காகிதத்தில் அச்சிட்ட பட்டியல், பெட்டி பெட்டியாகக் கருவிகள். ஒவ்வொன்றும் எந்த உலோகம், எத்தனை பரிசோதனை தாண்டியது என்று ஆங்கிலத்தில் ஒரு பிரசங்கம் செய்தார். மேஸ்திரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரி சார். எங்க டெஸ்டிங்லயும் பாஸாகணும்" என்றேன்.

"ஓ, உங்களுக்குச் சொந்த லேப் இருக்கா?" அவர் முகத்தில் மரியாதை வந்தது. "எங்க இருக்கு?"

முதலாளி வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போனோம். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முதலாளியம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தார். பெட்டிகளை வரிசையாக வைத்தோம். அவர் விற்பனையாளரை நிமிர்ந்து பார்த்து, "உக்காருங்க தம்பி, மோர் கொண்டாரச் சொல்றேன். கொஞ்ச நேரம் ஆவும். மூணு தரம் தேய்க்கணும்" என்றார்.

விற்பனையாளர் புளியைப் பார்த்தார். தேங்காய் நாரைப் பார்த்தார். மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கழுத்துப்பட்டையைச் சற்றுத் தளர்த்திக்கொண்டு எழுந்து, வரிசையிலிருந்து மூன்றாவது பெட்டியை மட்டும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இது தப்பா வந்துடுச்சு சார்" என்று வேனுக்கு நடந்தார்.